இரு கொடுங்கோலர், ஒரு தனியன்: விண்வெளிக் கற்பனை நாவல் எழுதுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஊர் பேர் தெரியாத ஒருவன் ஏதோ ஒரு கோளில் வந்து இறங்குகிறான். அங்கே இரண்டு கொடுங்கோலர்கள் ஒருவரை ஒருவர் ஒழித்துக்கட்டத் துடித்துக்கொண்டிருக்கிறார்கள். நடுவில் மக்கள் நசுங்குகிறார்கள். வந்தவனிடம் இருப்பது ஒரு வாளும் பழுதான ஒரு கலமும்தான். இந்தக் கருவோடு நாவல் எழுத உட்காருபவர்கள் ஏராளம். பிறர் எழுதிய கையெழுத்துப் படிகளைப் படித்துக் கருத்துச் சொல்லும் வேலை எனக்கு. அதனால் ஒரே வகைக் கேள்விகள் திரும்பத் திரும்ப வருகின்றன. பதில்களை இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். சில நீளும், சில ஒரு வரியில் முடியும்.

இது அறிவியல் புனைகதையா, மாயக்கதையா?

இரண்டின் எல்லையில் நிற்பது. கோள்களும் கலங்களும் அறிவியல் புனைகதையிலிருந்து வந்தவை. வாள், அரியணை, பழி, சூளுரை எல்லாம் வீரக்கதையிலிருந்து வந்தவை. இந்தக் கலவைக்கு வார்ப்பு அமைத்தவர்களில் முக்கியமானவர் எட்கர் ரைஸ் பரோஸ். 1912-ல் ‘ஆல்-ஸ்டோரி’ இதழில் அவர் எழுதிய தொடரில் பூமிக்காரன் ஒருவன் செவ்வாய்க்குப் போய்ச் சேருகிறான். அங்கே ஈர்ப்பு குறைவு என்பதால் அவன் பாய்ச்சலும் பலமும் பெருகிவிடுகின்றன. தங்களுக்குள் அடித்துக்கொள்ளும் இனங்களுக்கு நடுவே அவன் தலையெடுக்க அந்த ஒரு சின்ன இயற்பியல் உண்மை போதுமானதாக இருந்தது.

இந்த வகைக் கதைகளுக்கு வழங்கும் ‘ஸ்பேஸ் ஆப்பெரா’ என்ற பெயர் 1941-ல் வில்சன் டக்கர் சூட்டியது. அரைத்த மாவையே அரைக்கும் விண்கலக் கதைகளைக் கிண்டல் செய்யத்தான் சூட்டினார். பின்னால் வந்தவர்கள் அதையே பெருமையாகச் சூடிக்கொண்டார்கள். உங்கள் நாவல் எந்தப் பெட்டியில் அடங்கும் என்று எழுதும்போதே மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். பின்னட்டை எழுதும்போது பார்த்துக்கொள்ளலாம்.

இந்தக் கதையமைப்பு எவ்வளவு பழையது?

விண்வெளியில் சண்டையிடும் இரண்டு மன்னர்கள் கி.பி. 2-ம் நூற்றாண்டிலேயே வந்துவிட்டார்கள். கிரேக்க மொழியில் எழுதிய லூசியன், தன் ‘உண்மைக் கதை’யில் ஒரு கப்பலைச் சூறாவளியில் தூக்கி நிலவில் இறக்குகிறார். அங்கே நிலவின் அரசன் எண்டிமியோனுக்கும் சூரியனின் அரசன் ஃபேத்தோனுக்கும் போர். விடிவெள்ளியில் யார் குடியேறுவது என்பதுதான் வழக்கு. ராட்சதச் சிலந்திகள் நிலவுக்கும் விடிவெள்ளிக்கும் நடுவே வலை பின்னித் தர, காலாட்படை அதன் மேல் அணிவகுக்கிறது. கடைசியில் சூரியனின் ஆட்கள் மேகத்தால் சுவர் எழுப்பி நிலவுக்கு ஒளி போகாமல் தடுத்துவிடுகிறார்கள். இருட்டில் கிடக்க முடியாமல் நிலவு உடன்படிக்கைக்கு வருகிறது. முழுக்க முழுக்கக் கேலிக்காக எழுதியதுதான். ஆனாலும் பகைக்குக் காரணம், போர்க்களம், பணியவைத்த வழி மூன்றுமே வானத்துக்கே உரியவையாக இருப்பதைக் கவனியுங்கள். இன்றைய பல படிகளில் இந்த மூன்றில் ஒன்றுகூட அப்படி இருப்பதில்லை.

நம் பக்கமும் சரக்கு குறைவில்லை. வானில் தொங்கும் கோட்டையை அழித்த சோழனைப் புறநானூறும் சிலப்பதிகாரமும் ‘தூங்கெயில் எறிந்த’வன் என்று பாடுகின்றன. பகைகொண்ட இருவருக்கு நடுவே தனியாளாகப் போய் நிற்பவனும் புறநானூற்றில் இருக்கிறான். சோழர் குலத்து நலங்கிள்ளியும் நெடுங்கிள்ளியும் மோதியபோது நடுவே போனவர் புலவர் கோவூர் கிழார். அவரிடம் படை இல்லை, பாட்டுதான் இருந்தது. அவரைப் பற்றிக் கீழே இன்னும் பேச வேண்டியிருக்கிறது.

ஏற்கெனவே பலர் எழுதிய கருவை நான் எடுத்தால் திருட்டு ஆகாதா?

கருவுக்கு உரிமையாளர் இல்லை. பதிப்புரிமை வெளிப்பாட்டைத்தான் காக்கும், எண்ணத்தை அல்ல. 1994-ல் உருவான டிரிப்ஸ் என்ற அறிவுசார் சொத்துரிமை உடன்படிக்கையும் இதையே சொல்கிறது. ஆனால் கரு எங்கே முடிகிறது, வெளிப்பாடு எங்கே தொடங்குகிறது என்பதில்தான் வம்பு. இரண்டு கும்பல்களை மோதவிட்டு அழிக்கும் தனியாளின் கதையை டேஷியல் ஹாமெட் 1929-ல் நாவலாக எழுதினார். 1961-ல் அகிரா குரோசாவா அதே சாயலில் ஒரு சாமுராய் படம் எடுத்தார். பெரிய தகராறு வரவில்லை. 1964-ல் செர்ஜியோ லியோனி குரோசாவாவின் படத்தைக் காட்சிக்குக் காட்சி பின்பற்றிக் குதிரைவீரர் படமாக எடுத்தபோது வழக்கு வந்தது, ஜப்பானியத் தரப்புக்கு வசூலில் பங்கு கொடுத்துத்தான் தீர்ந்தது. தனியன், இரண்டு கொடியவர்கள், நடுவில் ஊர் என்ற அமைப்பைத் தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள். காட்சிகளின் வரிசையையும் திருப்பங்களையும் எடுக்காதீர்கள்.

எங்கிருந்து தொடங்குவது? நாயகனிடமிருந்தா, வில்லன்களிடமிருந்தா?

இருவரிடமிருந்தும் அல்ல, பகையிலிருந்து. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

பெரும்பாலான படிகளில் நாயகனுக்குப் பத்துப் பக்க வரலாறு இருக்கிறது. கொடுங்கோலர் இருவருக்கும் ஆடை, வடு, சிரிப்பு எல்லாம் இருக்கின்றன. அவர்கள் ஏன் அடித்துக்கொள்கிறார்கள் என்று கேட்டால் “பரம்பரைப் பகை” என்று ஒரு சொல்லில் முடித்துவிடுகிறார்கள். அந்த நாவல் நூறாவது பக்கத்தில் நின்றுவிடும். ஏனென்றால் கதையை நகர்த்த வேண்டியது பகைதான். நாயகன் புதிதாக எதையும் உண்டாக்குவதில்லை. ஏற்கெனவே இழுத்துக்கட்டியிருக்கும் கயிற்றை எங்கே அறுப்பது என்று தேடுகிறான், அவ்வளவுதான். கயிறு எங்கே கட்டியிருக்கிறது என்று எழுத்தாளருக்குத் தெரியாவிட்டால் நாயகனுக்கும் தெரியாது. உடனே அவன் வாளை உருவ ஆரம்பித்துவிடுவான்.

பகையைப் பற்றி மூன்று கேள்விகளுக்கு விடை எழுதி வைத்துக்கொண்டு தொடங்குங்கள். அந்தப் பகையால் இருவருக்கும் என்ன லாபம்? இத்தனை நாள் ஒருவரால் மற்றவரை ஏன் அழிக்க முடியவில்லை? நாளைக்கே பகை தீர்ந்தால் முதலில் யார் ஆட்சி கவிழும்?

முதல் கேள்விதான் பலரைத் திடுக்கிட வைக்கிறது. பகையால் லாபமா? ஆம். எதிரி வாசலில் நிற்கிறான் என்று சொல்லியே வரியை ஏற்றலாம், கேள்வி கேட்பவனைத் துரோகி எனலாம், பஞ்சத்துக்குப் பழியைப் பக்கத்துக் கோளின்மேல் போடலாம். இரண்டு கொடுங்கோலர்களும் ஒருவருக்கொருவர் முட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள், பெரும்பாலும் தங்களுக்கே தெரியாமல். நாயகனுக்கு இது புரியும் இடம்தான் நாவலின் முதுகெலும்பு. அதுவரை இரண்டு பேரைக் கொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தவன், இனி ஓர் ஏற்பாட்டைக் குலைக்க வேண்டும் என்று நினைக்கத் தொடங்குவான்.

பகைக்குக் காரணமாக எதை வைக்கலாம்?

விண்வெளியில் மட்டுமே அருமையாக இருக்கும் ஒன்றை வையுங்கள். தங்கமும் நிலமும் பூமிக் கதைகளுக்கே போதும். நீர்ப்பனி நல்ல காரணம், ஏனென்றால் நீரைப் பிரித்தால் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் கிடைக்கும். குடிநீர், மூச்சு, எரிபொருள் மூன்றும் ஒரே கட்டியில் அடங்கிவிடுகின்றன. அது கிடைக்கும் ஒரே பள்ளத்தை இருவரும் உரிமை கொண்டாடினால் போர் தானாக வரும். லூசியன் காட்டிய ஒளியும் உண்டு. ஒரே விண்மீனை நம்பியிருக்கும் இரண்டு நிலையங்களில் ஒன்று மற்றொன்றுக்கு நிழல் விழும்படி நின்றால் போதும். நேரமும்கூட ஒரு பொருள்தான். பூமியிலிருந்து செவ்வாய்க்குக் குறைந்த எரிபொருளில் புறப்பட 26 மாதங்களுக்கு ஒருமுறைதான் வாய்ப்பு வருகிறது. அப்படி அரிதாகத் திறக்கும் வழி ஒன்றில் யார் கலம் முதலில் போவது என்பதற்காகத் தலைமுறை தலைமுறையாக வெட்டிக்கொள்ளலாம்.

இதற்கு ஏற்ற இடம் நிஜ விண்வெளியில் இருக்கிறதா? எல்லாவற்றையும் கற்பனை செய்ய வேண்டுமா?

நிஜமே தாராளமாகக் கொடுக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த மூன்றைச் சொல்கிறேன்.

முதலாவது, புளூட்டோவும் அதன் துணைக்கோள் சாரோனும். சாரோன் விட்டத்தில் புளூட்டோவின் பாதி இருக்கும். இரண்டும் ஏறத்தாழ 19,600 கிலோமீட்டர் இடைவெளியில், 6.4 நாளுக்கு ஒருமுறை ஒன்றையொன்று சுற்றுகின்றன. தத்தம் அச்சில் சுழலவும் அதே 6.4 நாள்தான். விளைவு என்ன? இரண்டும் எப்போதும் ஒரே முகத்தை ஒன்றுக்கொன்று காட்டிக்கொண்டே நிற்கின்றன. புளூட்டோவின் ஒரு பாதியில் நின்றால் சாரோன் வானத்தில் அசையாமல் தொங்கும், நம் நிலவைப் போல ஏழு மடங்கு அகலத்தில். மறுபாதியில் பிறந்தவன் பயணம் போனால் ஒழிய அதை ஆயுளில் பார்க்க மாட்டான். இப்போது இரண்டிலும் ஒவ்வொரு கொடுங்கோலரைக் குடிவையுங்கள். ஒரு பாதி மக்களுக்கு எதிரியின் நகர விளக்குகள் தினமும் தலைக்கு மேல் தெரியும். மறுபாதிக்கு எதிரி என்பது அரசன் சொல்லித் தெரிந்த வதந்தி மட்டுமே. எந்தப் பாதி போரை அதிகம் விரும்பும்? இந்தக் கேள்வியே ஒரு நாவலுக்குப் போதும்.

இரண்டாவது, சனியின் துணைக்கோள்களான ஜேனஸ், எபிமேத்தியஸ். ஒன்றின் விட்டம் சுமார் 180 கிலோமீட்டர், மற்றது 115-ஐ ஒட்டியது. இரண்டின் பாதைகளுக்கும் இடைவெளி வெறும் 50 கிலோமீட்டர் அளவுதான், அதாவது அவற்றின் உடம்பைவிடக் குறைவு. உள்பாதையில் இருப்பது சற்றே வேகமாகப் போய் மற்றதை மெல்ல மெல்ல எட்டிப் பிடிக்கிறது. மோதப்போகிறது என்று நினைக்கும்போது, மோதுவதற்கு வெகு தொலைவிலேயே, ஈர்ப்பு இரண்டையும் பாதை மாற்றிவிடுகிறது. உள்ளே இருந்தது வெளியே போகும், வெளியே இருந்தது உள்ளே வரும். சுமார் 4 ஆண்டுக்கு ஒருமுறை இந்த மாற்றம் நடக்கிறது. பகைவர் இருவர் நாலாண்டுக்கு ஒருமுறை நெருங்கி, முறைத்து, இடம் மாறி விலகுகிறார்கள். சந்திப்பு எந்த மாதம் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். இதைவிட நல்ல காலக்கெடுவை எந்த எழுத்தாளரும் தானாக யோசித்துவிட முடியாது.

மூன்றாவது டிராப்பிஸ்ட்-1. சுமார் 40 ஒளியாண்டுத் தொலைவில் உள்ள சிறிய, மங்கலான சிவப்பு விண்மீன். அதைச் சுற்றும் பூமியளவுக் கோள்கள் ஏழு என்று 2017-ல் அறிவித்தார்கள். ஏழும் சேர்ந்து நம் புதன் கோளின் பாதைக்குள் அடங்கிவிடும். உள்கோளின் ஓராண்டு நம் கணக்கில் ஒன்றரை நாள், கடைசிக் கோளுக்குச் சுமார் 19 நாள். பக்கத்துக் கோள் நெருங்கி வரும்போது நம் நிலவைவிடப் பெரிதாகத் தெரியக்கூடும். இரண்டுக்கு மேற்பட்ட அரசுகள் வேண்டுமென்றால் இங்கே போங்கள்.

கொடுங்கோலர் இரண்டு பேர் போதுமா, மூன்று வேண்டுமா?

இரண்டு பேர் என்றால் தராசு. மூன்று பேர் என்றால் சூது. மூவரில் யார் இருவர் எப்போது சேருவார்கள் என்ற கணக்கு வந்துவிடும். பறம்புமலைப் பாரியை மூவேந்தரும் சேர்ந்துகொண்டு முற்றுகையிட்ட கதை தெரியும்தானே. தங்களுக்குள் பகைத்தவர்களே மூன்றாவது ஒருவன் தலைநிமிர்ந்தால் கைகோத்துக்கொள்வார்கள். உங்கள் நாயகன் பலம் பெறத் தொடங்கியதும் நடக்க வேண்டியது அதுதான். முதல் நாவல் என்றால் இரண்டோடு நிறுத்துவது நல்லது.

கற்பனைக் கதைதானே, அறிவியலைப் பற்றி ஏன் இவ்வளவு கவலைப்பட வேண்டும்?

எல்லாவற்றிலும் கவலைப்பட வேண்டாம். ஒளியைவிட வேகமாகப் போகும் கலம் வேண்டுமா, வைத்துக்கொள்ளுங்கள், விளக்கமே வேண்டாம். ஆனால் மீறிய விதியை மீறியபடியே கடைசிவரை நடத்துங்கள். மூன்றாம் அத்தியாயத்தில் நொடியில் கோள் தாண்டியவன், இருபதாம் அத்தியாயத்தில் “உதவி வர மூன்று மாதம் ஆகும்” என்று அழக்கூடாது.

மீறாத விதிகளோ கதைக்கு இலவசமாக உதவி செய்யும். உதாரணத்துக்குச் செய்தித் தாமதம். பூமிக்கும் செவ்வாய்க்கும் இடையே ஒரு செய்தி ஒருவழிப் பயணம் போகவே 3 முதல் 22 நிமிடம் பிடிக்கும், கோள்கள் எங்கே நிற்கின்றன என்பதைப் பொறுத்து. போர்நிறுத்தச் செய்தி வந்து சேருவதற்குள் தளபதி சுட்டுவிடலாம். பொய்ச் செய்தி ஒன்று 20 நிமிடம் உண்மையாக உலாவலாம். இரண்டு பக்கமும் ஆடும் நாயகனுக்கு அந்த 20 நிமிடம்தான் வாழ்வு.

விண்கல யுகத்தில் வாள் சண்டை அபத்தமாக இல்லையா?

இல்லை, காரணம் சொன்னால். கலத்தின் சுவரைத் துளைக்கும் எந்த ஆயுதமும் உள்ளே இருக்கும் எல்லோரையும் கொல்லக்கூடும். வெற்றிடத்தில் பாதுகாப்பில்லாமல் சிக்கியவனுக்கு 10 முதல் 15 நொடிக்குள் நினைவு தப்பிவிடும். ஆகவே கலத்துக்குள் துப்பாக்கிக்குத் தடை என்று ஒரு வரி எழுதினால் வாளுக்கு வேலை வந்துவிட்டது. மற்றபடி ஈர்ப்பைக் கவனியுங்கள். செவ்வாயில் பூமியின் ஈர்ப்பில் 38 விழுக்காடுதான். அதன் துணைக்கோள் டெய்மோஸில் நொடிக்கு ஐந்தரை மீட்டர் வேகம் கிடைத்தாலே தப்பித்துப் போய்விடலாம். அங்கே கையால் வீசிய கல்கூடத் திரும்பி வராது. அங்கு வாளை முழு வேகத்தில் சுழற்றினால் என்ன ஆகும் என்று யோசித்து எழுதினால் அது யாரும் எழுதாத சண்டைக் காட்சியாக இருக்கும்.

தனியாள் எப்படி இரண்டு படைகளை வெல்ல முடியும்? நம்புகிறாற்போல் இல்லையே.

வெல்ல முடியாதுதான். வெல்லவும் கூடாது. ஒற்றை ஆள் இரண்டு படைகளை அடித்து நொறுக்கினால் அந்தக் கொடுங்கோலர்கள் அதுவரை எப்படி ஆண்டார்கள் என்ற கேள்வி வரும். அவனுடைய பலம் வேறு. இருவருக்கும் அவன் தேவைப்படுகிறான். இரண்டு பக்கமும் போய்வரக்கூடிய ஒரே ஆள் அவன்தான்.

இப்போது கோவூர் கிழாருக்கு வருவோம். நெடுங்கிள்ளி ஆவூர்க் கோட்டைக்குள் கதவடைத்துக்கொண்டு கிடக்கிறான். நலங்கிள்ளி வெளியே முற்றுகை. உள்ளே யானைகள் குளிக்க வழியில்லை, பாலில்லாமல் குழந்தைகள் அழுகின்றன. புலவர் உள்ளே போய், அறம் பெரிது என்றால் கதவைத் திறந்து கோட்டையைக் கொடு, மறம் பெரிது என்றால் திறந்து வந்து போரிடு, இரண்டும் இல்லாமல் சுவருக்குப் பின்னால் ஒளிவது வெட்கம் என்கிறார். இது புறநானூற்றின் 44-ம் பாட்டு. அடுத்த பாட்டில் இருவரையுமே பார்த்து, எதிரியும் உன்னைப் போலச் சோழருக்குரிய ஆத்தி மாலைதான் சூடியிருக்கிறான், யார் தோற்றாலும் தோற்பது உங்கள் குடிதான் என்கிறார். பகையாளிகள் இருவரும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்று முகத்துக்கு நேரே சொல்லத் தனியாள் ஒருவனால் மட்டுமே முடியும்.

47-ம் பாட்டில்தான் நாவலாசிரியர்களுக்கான பாடம் இருக்கிறது. இளந்தத்தன் என்ற புலவன் நலங்கிள்ளியிடமிருந்து நெடுங்கிள்ளியின் ஊருக்கு வருகிறான். ஒற்றன் என்று நினைத்து நெடுங்கிள்ளி அவனைக் கொல்லப் போகிறான். கோவூர் கிழார் பாடித் தடுக்கிறார். நடுவில் நடமாடுகிறவனுக்கு எதிரியின் வாளைவிடச் சந்தேகமே பெரிய ஆபத்து. உங்கள் நாயகன் வாள்முனையில் சாக நெருங்கும் காட்சிகளைவிட, “நீ யார் ஆள்?” என்ற கேள்விக்குப் பதில் தேடும் காட்சிகள் அதிகம் இருக்கட்டும்.

இரண்டு பக்கமும் பொய் சொல்லும் நாயகனை எப்படிச் சுவையாக எழுதுவது?

பொய்யைக் கடினமாக்குங்கள். திருக்குறளின் ஒற்றாடல் அதிகாரத்தை ஒரு கொடுங்கோலரின் கையேடாக நினைத்துப் படித்துப் பாருங்கள். ஓர் ஒற்றன் கொண்டுவந்ததை இன்னோர் ஒற்றனை விட்டுச் சரிபார். ஒற்றர்கள் ஒருவரை ஒருவர் அறியாதபடி ஆள். மூவர் சொல்வது ஒத்துப்போனால் நம்பு. இப்படிச் செயல்படும் அரசரிடம் உங்கள் நாயகன் ஒரு பொய்யைக் கொண்டுபோனால் போதாது. தனக்குத் தெரியாத இன்னும் இரண்டு பேர் அதே பொய்யைச் சொல்லும்படி செய்ய வேண்டும். எப்படிச் செய்தான் என்பதே மூன்று அத்தியாயம் வரும். எதிரி முட்டாளாக இருந்தால் ஒரு பத்தியில் முடிந்துவிடும், வாசகரும் முடித்துக்கொள்வார்.

கொடுங்கோலர் இருவரையும் எப்படி வேறுபடுத்திக் காட்டுவது?

நிறத்தாலும் கொடியாலும் அல்ல, மக்கள் எதற்குப் பயப்படுகிறார்கள் என்பதால். கோலோடு நிற்கும் அரசன் கேட்பது, வேலோடு வழிமறித்தவன் “கொடு” என்பது போன்றது என்கிறார் வள்ளுவர். ஒருவர் அந்த வகை: வாங்குகிறவர். அவர் ஆட்சியில் எல்லோரும் ஏழை, ஆனால் வீட்டுக்குள் என்ன பேசினாலும் கேட்பார் இல்லை. மற்றவர் கண்காணிக்கிறவர். அவர் ஊரில் யாரும் பட்டினி இல்லை, யாரும் வாய் திறப்பதும் இல்லை. ஓர் ஊரிலிருந்து தப்பி மற்ற ஊருக்குப் போனவர்கள் சில மாதத்தில் திரும்பி வருகிறார்கள் என்று எழுதுங்கள். எது மோசம் என்று வாசகர் தனக்குள் வாதாடத் தொடங்கிவிடுவார்.

இருவரில் ஒருவராவது ஏதோ ஒரு விஷயத்தில் சரியாக இருக்கட்டும். நீர் தீர்ந்துகொண்டிருக்கிறது என்பது அவருக்கு மட்டும் தெரிந்திருக்கலாம். அதற்காக அவர் செய்வது கொடுமைதான், ஆனால் காரணம் பொய்யல்ல. நாயகன் அவரை வீழ்த்திய பிறகும் நீர் தீர்ந்துகொண்டுதான் இருக்கும்.

நாயகன் ‘தேர்ந்தெடுக்கப்பட்டவன்’ என்று தீர்க்கதரிசனம் வைக்கலாமா?

வேண்டாம். வைத்தே தீருவேன் என்றால், அந்தத் தீர்க்கதரிசனத்தை கொடுங்கோலரில் ஒருவர் கூலி கொடுத்து எழுதவைத்ததாக வையுங்கள்.

நாயகன் ஆணாகத்தான் இருக்க வேண்டுமா?

எந்தக் கட்டாயமும் இல்லை. அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போனவர் ஔவையார். தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டுகிறான். உன் ஆயுதங்கள் மயில்பீலி சூடி, நெய் பூசி, காவலோடு அழகாக இருக்கின்றன, அவனுடையவை முனை முறிந்து கொல்லன் உலையில் கிடக்கின்றன என்று புகழ்வதுபோலப் பேசுகிறார். ஒருவன் போரே செய்வதில்லை, மற்றவன் செய்துகொண்டே இருக்கிறான் என்பதுதான் பொருள். எதிரியின் கோட்டைக்குள் நின்று, அவன் பெருமையையே அவனுக்கு அச்சமாக மாற்றுகிற இந்தத் துணிச்சலுக்கு ஈடான உரையாடலை விண்வெளிக் கதைகளில் நான் அதிகம் பார்த்ததில்லை.

ஒரே எச்சரிக்கை: நாயகியை எழுதிவிட்டு, கொடுங்கோலர் ஒருவர் அவள்மேல் காதல் கொள்வதாகப் பாதியில் கதையைத் திருப்பாதீர்கள். அந்த இடத்தில் அரசியல் செத்துவிடும்.

தனியன் என்றால் துணைப்பாத்திரங்களே கூடாதா?

இருக்க வேண்டும், ஆனால் அவன் பக்கம் இல்லை, ஊர்ப் பக்கம். கலம் பழுதுபார்ப்பவள், இரண்டு படைக்கும் பொருள் விற்கும் வணிகன், ஒரு மகனை இந்தப் படைக்கும் இன்னொருவனை அந்தப் படைக்கும் பறிகொடுத்தவள். இவர்களுக்கு அவன்மேல் உடனே நம்பிக்கை வரக்கூடாது. எத்தனையோ வீரர்கள் வந்து போனதைப் பார்த்தவர்கள் அவர்கள். கூடவே பேசிக்கொண்டு வரும் வேடிக்கை ரோபோவை மட்டும் ஒருமுறைக்கு இருமுறை யோசியுங்கள்.

பெயர்களும் கலைச்சொற்களும் ஆங்கிலத்தில் இருந்தால்தான் விண்வெளி வாசனை வருமா?

யார் சொன்னது? கலம், நாவாய், மீகாமன், சுக்கான், பாசறை, எயில் என்று கடலுக்கும் போருக்கும் உள்ள சொற்களை வானத்துக்கு ஏற்றினால் அழகாகவே நிற்கின்றன. ரோபோ, லேசர் போன்றவை அப்படியே இருக்கட்டும். வாசகர் தடுக்காமல் படிக்கும் எதையும் வலிந்து மாற்ற வேண்டாம். பெயர்களில் ஒரே எழுத்தில் தொடங்கும் இரண்டு கொடுங்கோலர்கள் கூடாது. இருபது பக்கத்தில் குழப்பம் வந்துவிடும்.

கட்டமைப்புக்கும் நம்மிடமே வரைபடம் உண்டு. பழந்தமிழ் இலக்கணம் போரைப் பிரித்துச் சொல்லும் புறத்திணைகளை வரிசையாகப் பாருங்கள்: வெட்சியில் ஆநிரை கவர்தல், வஞ்சியில் மண்ணாசையால் படையெடுப்பு, உழிஞையில் முற்றுகை, நொச்சியில் மதில் காத்தல், தும்பையில் நேருக்கு நேர் போர், வாகையில் வெற்றி. சின்னக் களவில் தொடங்கிப் பெரும்போருக்கு ஏறும் நாவலுக்குப் பாகங்கள் பிரித்துத் தந்தாயிற்று. ஆநிரைக்குப் பதில் நீர்க்கலம் கடத்தல் என்று வைத்துத் தொடங்கிப் பாருங்கள்.

விண்வெளிப் போரில் வெடிச்சத்தம் எழுதலாமா?

வெளியே கேட்காது, அதிர்வைக் கடத்தக் காற்று இல்லை. சொந்தக் கலத்தின் சுவரில் துணுக்குகள் வந்து மோதும் சத்தம் உள்ளே கேட்கும். அமைதியாக வெடித்துச் சிதறும் எதிரிக் கலமும், சில நொடி கழித்துத் தன் சுவரில் கேட்கும் கல்மழையும் வெறும் ‘டமார்’ஐவிடப் பயங்கரம்.

ஒரே நூலாக முடிப்பதா, மூன்று பாகமா?

ஒரே நூல். பகை ஒன்று, முடிவு ஒன்று. இரண்டாம் பாகத்துக்காகக் கொடுங்கோலரில் ஒருவரைச் சாகாமல் காப்பாற்றி வைத்திருப்பது வாசகருக்கு உடனே தெரிந்துவிடும்.

முடிவை எப்படி அமைப்பது? இருவரும் அழிந்தால் போதுமா?

இருவரும் அழிந்த மறுநாள் காலையில் நீர்ப்பனிப் பள்ளத்தின் சாவி யார் கையில் இருக்கிறது என்று எழுதாமல் முடிக்காதீர்கள். பழைய தனிவீரர் கதைகள் இந்த இடத்தில் வசதியாகத் தப்பித்துக்கொள்ளும். ஊர் காலி, பிணங்கள் கிடக்கின்றன, வீரன் கிளம்பிவிட்டான். சிறிய ஊர் என்றால் அது பொருந்தும். பல லட்சம் பேர் மூச்சுக்காற்றுக்கே ஓர் இயந்திரத்தை நம்பியிருக்கும் கோளில் பொருந்தாது. அந்த இயந்திரத்தை ஓட்டத் தெரிந்த பொறியாளர்கள் பழைய அரசருக்கு விசுவாசிகள். அவர்களைத் தண்டிப்பதா, வேலைக்கு வைத்துக்கொள்வதா? சம்பளம் யார் கொடுப்பது? படைவீரர்கள் ஆயுதத்தைக் கீழே வைப்பார்களா?

நாயகனே அரியணை ஏறினால் மூன்றாவது கொடுங்கோலர் தயார் என்று வாசகர் சந்தேகப்படுவார், அது நியாயமும்கூட. அவன் ஏற மறுத்துவிட்டுப் போனால், வேறு யாராவது ஏறுவார்கள். இரண்டில் எதைத் தேர்ந்தாலும் அதன் விலையைக் காட்டுங்கள். எனக்குப் பிடித்த மூன்றாவது வழி ஒன்று உண்டு. பகை தீர்வதற்கு முன்பே, நாயகன் பார்க்காத இடத்தில், இரண்டு பக்கத்து மக்களும் தங்களுக்குள் கள்ளத்தனமாக நீரும் மருந்தும் மாற்றிக்கொள்ளத் தொடங்கியிருக்கிறார்கள். கொடுங்கோலர் விழுந்ததும் அந்தக் கள்ளச்சந்தைதான் புது நிர்வாகம். நாயகனுக்கு அங்கே பதவி எதுவும் இல்லை. தன் கலத்துக்கு எரிபொருள் வேண்டுமென்றால் அவனும் வரிசையில் நிற்க வேண்டும்.

முதல் அத்தியாயத்தில் கட்டாயம் என்ன நடக்க வேண்டும்?

யாரோ ஒருவர் நாயகனைத் தவறான பக்கத்து ஆள் என்று நினைக்க வேண்டும். அவன் அதைத் திருத்தாமல் விட வேண்டும்.